சக்கர நாற்காலி வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தோம்

நடக்க முடியாதவர்களுக்கு ஜில்லா போர்டு செலவில் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள் என்ற செய்தி மார்கழிக் கடைசியில் எங்கள் ஊருக்கு வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆளை நேரில் பார்த்துத்தான் கொடுப்பாராம். கல்லிடைக்குறிச்சியில் பள்ளி வாத்தியாராக இருக்கும் நான், பொங்கல் கழிந்ததும் என் மனைவி காந்திமதியை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். வீட்டில் இப்படி ஒருவர் இருக்க, எப்படிக் கொண்டுபோவது என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் காந்திமதிக்குப் பிரசவத்தில் ஜுரம் கண்டது. குழந்தை தங்கவில்லை. இவள் பிழைத்தாள், ஆனால் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அன்று முதல் கூடத்துக்கும் புறக்கடைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்வந்தேன். பள்ளிக்கூட நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்வாள். வாசலைத் தாண்ட மட்டும் காந்திமதி சம்மதித்ததே இல்லை.

“நீங்க தூக்கிட்டுப் போனா நாலு பேரு பாப்பாவ. எனக்கு வேண்டாம்” என்பாள்.

நாற்காலிச் செய்தியைச் சொன்னபோது “அதுல நாமளே உருட்டிக்கிட்டுப் போலாமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்ப்போம் என்றேன்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை மாட்டு வண்டி. கொல்லம் லைன் போட்டதிலிருந்து எங்களுக்குத் திருநெல்வேலி பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. இருபது மைல், மூன்றாம் வகுப்புக்கு நாலணாதான். கஷ்டமெல்லாம் ரயில் பெட்டியில் ஏற்றுவதில் இருக்கிறது. பிளாட்பாரம் தணிவு, படி உயரம். கெட்டிச் சமுக்காளம் ஒன்று எடுத்துப் போயிருந்தேன். அதில் அவளைப் படுக்கவைத்து, நான் கீழே நின்று இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டேன். மாட்டு வண்டிக்காரர் உள்ளே ஏறிக்கொண்டு மற்ற இரண்டையும் பிடித்தார். “பைய, ஐயா, பைய. தலைப்பக்கம் நான் வாங்கிக்கிடுதேன்” என்றார். அந்நியர் கை மேலே படாமல் ஏற்றியாயிற்று. ஆனாலும் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். காந்திமதி முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.

வீரவநல்லூர் வரை அதை எடுக்கவில்லை. சேரன்மகாதேவி வந்தபோது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, “பிசான நெல்லுப் பயிரு எப்படி நிக்கி பாத்தீயளா!” என்றாள். நான் பயிரைப் பார்க்கவில்லை.

திருநெல்வேலியில் பாலம் ஸ்டேஷனில் இறங்கினால் ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரி இரண்டு மைல். ஒற்றை மாட்டு வண்டி தாராளமாகக் கிடைக்கும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஏரலில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. காலில் புண் புரையோடி, இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கனத்த உடம்பு, பெரிய குரல். மருமகன் அவரைத் தூக்கி இறக்கிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். அண்ணாச்சி காந்திமதியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

“தாயீ, இன்னைக்குத் தண்ணி குடிச்சியளா?”

அவள் சிரித்துவிட்டாள். “ஒரு வாய் இல்ல, அண்ணாச்சி. நேத்து சாயந்தரத்துல இருந்தே இல்ல.”

“நானும் அப்படித்தான். குடிச்சா புறக்கடைக்குத் தூக்கிட்டுப் போக ஒருத்தன கூப்பிடணும்லா? வீட்டுல மட்டும் என்ன, கொறச்சுதான் குடிக்கேன்.”

“ஆமா. கூப்பிட்டா வருவாவ. ஆனா முகத்தப் பாத்துக் கூப்பிடணுமே.”

இருவரும் ஒரே ஊர்க்காரர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷம் ஒரே கூடத்தில் இருந்தும் இந்தப் பேச்சு என் காதில் விழுந்ததில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். 

டாக்டர் வந்தார். சென்னையிலிருந்து வந்தவற்றில் அன்று மிச்சம் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. இரண்டும் பிரம்புப் பின்னல். ஒன்றுக்குப் பெரிய சக்கரங்கள். உட்கார்ந்தபடியே கையால் உருட்டலாம். மற்றொன்று அகலமானது, ஆனால் சக்கரங்கள் சிறியவை. பின்னால் ஒருவர் நின்று தள்ளவேண்டும்.

“வியாபாரிக்குப் பெரிய சக்கரம். வீட்டில் இருக்கும் அம்மாளுக்கு இது போதும், தள்ளுவதற்கு நீர் இருக்கிறீர்” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தலையை ஆட்டினேன்.

“டாக்டரய்யா” என்று ஒரு குரல் கேட்டது. காந்திமதிதான். அதுவரை, அண்ணாச்சியைத் தவிர, அந்நிய ஆடவரிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. “நானும் ஒருதடவ உருட்டிப் பாக்கட்டா?”

டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்தார். “பாக்கட்டும்யா” என்றார் அவர்.

அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். முதல் உருட்டில் தூணில் போய் இடித்தாள். நான் ஓடப்போனேன். “நில்லும்வே!” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் நின்றுவிட்டேன். “தாயீ, ஒரு கையால சக்கரத்த நிப்பாட்டுங்க. மத்த கையால தள்ளுங்க. தானா திரும்பும்.” திரும்பியது. தாழ்வாரத்தின் கோடி வரை போனாள். இந்த நான்கு வருஷத்தில் என்னை விட்டு அவ்வளவு தூரம் அவள் தானாகப் போனது அன்றுதான். கோடியில் திரும்பி எங்களைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு அண்ணாச்சியை அதில் உட்காரவைத்தார்கள். இடுப்பு இரண்டு பக்கமும் மரத்தில் இறுகியது. டாக்டர் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். “ஒரு வாரத்தில் புண்ணாகிவிடும். அகலமாக, பெரிய சக்கரம் வைத்தது ஒன்று வரவழைக்கிறேன். அதுவரை அந்தச் சின்னச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போம்.”

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. “மறுபடியும் ஒருத்தன் வந்து தள்ளணுமாக்கும்” என்றார். அந்தப் பெரிய குரல் அப்போது இல்லை.

காந்திமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. “அண்ணாச்சி, நான் உங்களுக்குள்ளத…”

“சீ, என்ன பேச்சு இது. எனக்குச் சேரல, உங்களுக்குச் சேருது. முதல்ல போற ஆளு நல்லா உருட்டுங்க. நான் பின்னால வாரேன்.”

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் காந்திமதி. “இங்கன இறக்குங்க. பாலத்த நான் தாண்டுதேன்.” ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவள் வண்டியின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். இறக்கினேன்.

வண்டி முன்னே போக, அவள் நடுவில், நான் பின்னே. பாதிப் பாலத்தில் கை சோர்ந்து நின்றாள். நான் தள்ளக் கை வைத்தேன். “இருங்க, பைய போறேன்” என்றாள். கையை எடுத்துவிட்டேன். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்ததால், உட்கார்ந்திருந்த அவளுக்கு ஆற்றுச் சத்தம் கேட்டதே தவிர ஆறு தெரியவில்லை.

“தண்ணி எம்புட்டு போகுது?”

“இரு கரையும் தொட்டுக்கிட்டு.”

கைகளை என் பக்கம் நீட்டினாள். “என்னத் தூக்கிக் காட்டுங்க.”

சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் பார்த்தார்கள். நான் அவளைத் தூக்கிச் சுவர்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தானை தோளிலேயே இருந்தது. போதும் என்று அவள் சொல்லும்வரை நின்றோம். ரயில் போய்விட்டது. சாயங்கால வண்டியில்தான் ஊர் வந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சமுக்காளத்தை மறக்காதீர்கள். வீட்டு நிலைவாசலின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். நாங்கள் திரும்பி வந்து ஒரு கதவை எடுக்கவேண்டியதாயிற்று. ரயிலில் நாற்காலியைப் பின்னால் சாமான் பெட்டியில் ஏற்றுவார்கள்; சக்கரத்தைக் கயிற்றால் கட்டிக் கொடுங்கள். உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வாங்கிவிடாதீர்கள். எந்த நாற்காலி வேண்டும் என்று டாக்டர் உங்களைக் கேட்டால், உட்காரப் போகிறவரைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று பொருத்தமானது இல்லையென்றாலும் மனம் தளரவேண்டாம்: ஏரல் அண்ணாச்சிக்கு அகலமான நாற்காலி மாசியில் வந்துவிட்டதாக, பிறகு போயிருந்தபோது டாக்டர் சொன்னார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தச் சாயங்கால வேளையில் காந்திமதியும் நாற்காலியும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டேன், அங்கேயும் இல்லையாம். எங்கே போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.