இரண்டு பிளாப்பிக்கும் பொட்டு

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மில்லில் ஃபிட்டராக இருந்து, பழைய டைப்ரைட்டர்களைப் பிரித்துப் பூட்டக் கற்று, முதலியார்பேட்டையில் சொந்தமாக இன்ஸ்டிடியூட் வைத்தேன். எண்பதுகளின் கடைசியில் இரண்டு கம்ப்யூட்டர் இறக்கினேன். எங்கள் தெருவில் முதலில் இறக்கியவன் நான்தான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒரு கல்லூரியில் மெஷின் போதாமல், புராஜெக்ட் செய்ய நான்கு பிள்ளைகளை என்னிடம் அனுப்பினார்கள். வேலை திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வருஷமும் அனுப்புவதாகப் பேச்சு.

ஊர் விவரங்களைத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். ஒன்றை அழுத்தினால் பஸ் நேரம், இரண்டை அழுத்தினால் ஆஸ்பத்திரி, இப்படி நான்கு பக்கம். ஆளுக்கொன்று என்று நானே பிரித்துக் கொடுத்தேன். நடந்தது என்ன? மூன்று பையன்கள் சாய்ந்து உட்கார்ந்து கதை பேச, நாலு பேர் வேலையையும் கூட இருந்த பெண் ஒருத்தியே தட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், உன் பக்கம் எங்கடா?"

"அது போடுது மாஸ்டர். நாங்க பக்கத்துல இருந்து தப்பு சொல்றோம்."

"இவங்க சொல்றதக் கேட்டாதான் மாஸ்டர் தப்பாவுது" என்றாள் அவள், திரும்பாமலே.

மில்லில் முரட்டு ஆட்களையே வேலை வாங்கியவன் நான். இந்த மூவரிடம் தோற்றேன். அந்தக் கால மெஷினுக்குள் எதுவும் தங்காது; தட்டியதை பிளாப்பி என்ற தகட்டில்தான் ஏற்ற வேண்டும். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு பிளாப்பியில் ஏற்றி வைக்கச் சொன்னது மட்டும் நடந்தது. யாரும் சொல்லித்தராமல் எனக்கே தோன்றிய யோசனை அது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின், ஃபேன், ஸ்டூல் வரை ஒன்றையும் விடாமல் பொட்டு வைக்கச் சொன்னது நான்தான். வைத்துவிட்டால் மறுநாள் வரை தொடுவதில்லை. மறுநாள் அந்தப் பெண் பிளாப்பியைச் சொருகினாள். மெஷின் கரகரவென்று இழுத்து நின்றது. எடுத்துப் பார்த்தால், உறை திறந்திருக்கும் இடத்தில், சுழலும் தகட்டின் மேலேயே காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"எவன்டா வெச்சது?"

"நான்தான் மாஸ்டர்" என்றான் மூவரில் ஒருவன். "நீங்கதான எதையும் வுடாம வெக்கச் சொன்னீங்க?"

"இன்னொன்னு எங்கடா?"

"அதுக்கும் வெச்சிட்டேன். ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுடலாமா?"

வந்த நாளிலிருந்து அவன் முழுசாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

மெஷினைப் பிரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து நானே ஓட வைத்தேன். பிளாப்பிகள் மீளவில்லை. கல்லூரி சார் பார்க்க வர மூன்றே நாள். நல்லவேளை, அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தாள் தாளாகக் கிழித்து நால்வருக்கும் பங்கு போட்டு, என் கண்ணெதிரில் தட்ட வைத்தேன். பையன்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார்கள். இத்தனை மாதம் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்துவிட்டு!

சார் வந்தார். மூன்று பக்கம் திறந்தது. பஸ் நேரம் திறக்கவில்லை. காரணம் கேட்டார். பொட்டு வைத்தவன் தலையைக் குனிந்துகொள்ள, நடந்ததை நானே சொன்னேன். போச்சு, இனி அனுப்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க லேபுலயும் இப்படிப் பொட்டு வெச்சி ரெண்டு போச்சு மாஸ்டர்" என்றார் தணிந்த குரலில். "அடுத்த வருஷமும் அனுப்பறேன். பசங்க ஜாஸ்தி, ஆறாறு பேரா வருவாங்க. சமாளிச்சிடுவீங்க இல்ல?"

"அதுக்கென்ன சார்" என்றேன். அவர் வண்டி திரும்பும்வரை சிரித்த முகமாகவே நின்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.