கீழ்த்துறையில் நின்ற வேன்

ஆற்றில் இறங்கத் துடுப்பு போதும், இறங்கினவர்களை வீடு சேர்க்கத்தான் மூளை வேண்டும் என்று அவள் சொல்வாள். ஒருதரம் சொல்லிவிட்டு விட்டாளா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். கயாக், கனோ பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். எந்த வளைவில் தண்ணீர் இழுக்கும், எந்த மணல்திட்டில் இறங்கிச் சாப்பிடலாம், நீச்சல் தெரியாதவரை யாரோடு உட்கார வைப்பது, எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். முதுகுக்குப் பின்னால் படகுக்காரர்கள் அவளை ஹெட்மாஸ்டர் என்பார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. ஆற்றோடு போன படகு தானாகத் திரும்பி வராது. அதனால் காலையிலேயே வேனைக் கொண்டுபோய்க் கீழ்த்துறையில் நிறுத்திவிட்டு, வேறு வண்டியில் மேல்துறைக்கு வந்து படகேற வேண்டும். வேன் சாவி படகில் கூடவே வர வேண்டும். வேறு ஆட்கள் சாவியை மேல்துறையிலேயே விட்டுவிட்டுப் போய், ஈரத் துணியோடு வேனைச் சுற்றிச் சுற்றி வந்த கதைகளை அவள் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்வாள்.

கணவரின் தம்பி, வேலை போய் வீட்டில் சும்மா இருந்தவன், அங்கே டிரைவராக வந்து சேர்ந்தது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. புருஷனுக்காக வாயை மூடிக்கொண்டாள். வாயைத்தான் மூடினாள். அவன் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவாள், அவன் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். அவனும் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அன்றைக்கு அவன் தன் புதுப் பெண்டாட்டியையும் அழைத்து வந்திருந்தான், தான் பார்க்கும் வேலையைக் காட்டலாம் என்று. மேல்துறையில் படகேறும் நேரத்தில் அண்ணிக்காரி கையை நீட்டினாள்.

"வேன் சாவியக் குடு. நீ தண்ணியில போட்டாலும் போட்டுடுவ."

பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் கொடுத்தான். வாங்கிய கையோடு யாரோ லைஃப் ஜாக்கெட் பட்டி சேரவில்லை என்று கூப்பிட, அவள் ஓடினாள். சாவி போன இடம் அவள் புத்தியில் ஏறவே இல்லை.

கீழ்த்துறையில் எல்லாரும் கரையேறி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வேனைச் சுற்றி நின்றார்கள்.

"எங்கடா சாவி?"

"உங்ககிட்டதான குடுத்தேன், அண்ணி?"

தோள்பையைக் கொட்டிப் பார்த்தாள். இல்லை. வந்ததே கோபம்!

"எங்கிட்டயா? செய்யறதையும் செஞ்சிட்டு பொய் வேறயா? ஒரு சாவியப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் குடும்பம் ஒரு கேடு!"

கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் போய், சாலையில் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினான். அலுவலகத்தில் இன்னொரு சாவி இருந்தது.

லாரி போன கொஞ்ச நேரத்தில், வந்திருந்த குழந்தை ஒன்றுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கைக்குட்டைக்காக அவள் தான் போட்டிருந்த மழைக்கோட்டின் உள்பை ஜிப்பைத் திறந்தாள். விரலில் சாவி தட்டியது.

அப்போதே எடுத்துக் காட்டியிருக்கலாம். "ஐயோ, எங்கிட்டதான் இருக்கு" என்றால் முடிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசியாகிவிட்டதே! இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கைக்குட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜிப்பை மூடினாள். பல் தந்தியடிக்க நடுங்கிய குழந்தை எப்போது போவோம் என்று கேட்டது.

"இதோ வந்துடுவாரு, கண்ணு" என்றாள் வாய் கூசாமல். அடிப்பாவி! வேன் நாலடி தூரத்தில் நிற்கிறது, சாவி நெஞ்சில் உறுத்துகிறது, குழந்தை நடுங்குகிறது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் துடுப்புகளைத் துடைத்தபடியே இருந்தாள்.

அவன் வந்தான், வேனைத் திறந்தான், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினான். ஓரகத்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, மன்னிச்சுடுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "தொலைச்சது கூடப் பரவால்ல. என் கண்ணு முன்னாடியே இப்படிப் பொய் சொல்லுவாருன்னு நான் நெனக்கவே இல்ல."

அவளுக்கு உடம்பே கூசியது. கல்யாணமாகி வந்த பெண், இனி புருஷன் சொல்கிற எதையும் ஒரு யோசனையோடுதான் கேட்பாள். ஜிப்பைத் திறந்து சாவியை ஓரகத்தியின் மடியில் வைத்தாள்.

"எங்கிட்டதான் இருந்துச்சும்மா. அவன் பொய் சொல்லல."

அந்தப் பெண் சாவியைப் பார்த்தாள். முன்னால் ஓட்டுகிறவன் முதுகைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"அவரத் திட்டும்போது சத்தமாத்தான திட்டினீங்க, அக்கா?"

வேன் போய்க்கொண்டிருந்தது. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியில் அவன் பார்த்துவிட்டான், அவள் கையிலிருந்த சாவியையும்தான்.

"உக்காருங்க அண்ணி" என்றான் அவசரமாக. "பள்ளம் வருது."

அவள் உட்காரவில்லை. "எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்றாள்.