காற்றுக்குப் போட்ட பந்து

அருப்புக்கோட்டை டீக்கடைகளுக்குக் கேபிள் டி.வி. வந்த புதிதில், ஒரு நாள் அமெரிக்கக் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் முட்டை மாதிரி இருந்த பந்தை ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து எறிந்தான்.

“கூறுகெட்ட பய, யாருக்கு எறியுறான்?” என்றார் டீ மாஸ்டர்.

அதற்குள் இன்னொருவன் தலைதெறிக்க ஓடிவந்து கையை நீட்ட, பந்து அதில் வந்து உட்கார்ந்தது. எறிந்தவன் பெரியவனா, பிடித்தவன் பெரியவனா என்று கடைக்குள் தகராறு. நான் எழுந்து விளக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். விளக்காமல் இருக்க என்னால் முடியாது. கடையில் யாரும் காது கொடுக்காததால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது வாலிபால். திருச்சுழிப் பக்கம் எங்கள் கண்மாயில் தண்ணீர் கிடந்த நாளைவிட வலை கட்டியிருந்த நாள் அதிகம். வலையோரம் நின்று பந்தைத் தூக்கிப் போடுவது நான், எகிறி அடிப்பது என் கூட்டாளி. கண்மாய்க்குள் வீசும் மேல்காற்று பந்தை ஒரு முழம் தள்ளும். அதனால் ஒரு முழம் முன்னாலேயே போடுவேன். காற்று பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் அவன் எகிறி நிற்பான். இதற்கு நான் விசை, திசைவேகம் என்று காலேஜில் படித்த பெயரெல்லாம் சொல்வேன். “பந்தப் போடுலே” என்பான்.

அருப்புக்கோட்டையில் ஒரு போட்டி. நூல் மில்லிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை என்று பேச்சு. கூட்டாளி வீட்டில் மழையில்லாமல் வெள்ளாமை போயிருந்தது. அவனுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். எனக்கோ, மில்காரர் கண்ணில் என் மூளையும் பட வேண்டும்.

மைதானத்தைச் சுற்றி உயரமான சுவர். பொட்டுக் காற்றில்லை. வழக்கம்போலப் போட்டேன். பந்து போட்ட இடத்திலேயே இறங்கியது. அவன் ஒரு முழம் தள்ளி வெறும் வெளியை ஓங்கி அறைந்தான். படித்தவன் அல்லவா, உடனே கண்டுபிடித்து, அடுத்த பந்தை அவன் எகிறிய இடத்துக்கே போட்டேன். அவனும் கண்டுபிடித்திருந்தான், போன பந்து விழுந்த இடத்தில் எகிறினான். நான் பழையபடி மாற, அவனும் மாறினான். சந்துக்குள் எதிரெதிரே வந்த இருவர் வழிவிட்டு வழிவிட்டே முட்டிக்கொள்வதுபோல முதல் செட் போனது.

“ஏப்பா, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லையா?” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

இடைவேளையில் ஆரம்பித்தேன்: “மாப்ள, செவரு காத்த மறைக்குது. அதனால விசை...”

“ஏலே, நீ யோசிக்காத. கண்மாய்ல போடுற மாதிரியே தப்பாப் போடு. நான் வாரேன்.”

“தப்பாவா?”

“இம்புட்டு நாளும் போட்டியே, அப்படி.”

போட்டேன். கால் பழகிய பக்கமே ஓடிவந்து, கடைசி எட்டு வைக்கையில் உடம்பை முறுக்கி அடித்தான். அடுத்தடுத்து அப்படியே. எதிரணிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்றே தெரியவில்லை. இரண்டாவது செட்டை எடுத்தோம். மூன்றாவதில் நூலிழையில் தோற்றோம்.

மில்காரர் நேராக வந்து அவன் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, கோவிச்சுக்காதப்பா. நீ இம்புட்டுக் கோணலாப் போட்டும் அடிக்கிறாம்னா, அவன் பெரிய ஆளுதான்” என்றார்.

காற்று, சுவர், முழம் எல்லாவற்றையும் விளக்க வாயைத் திறந்தேன். கூட்டாளி என் காலை மிதித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவனுக்கு வேலை கிடைத்தது.

லீவுக்கு வந்தவனிடம், மில் டீமில் யார் பந்து போடுவது என்று கேட்டேன்.

“ஒருத்தன் இருக்கான். அளந்து வச்ச மாதிரி நேராப் போடுறான்.” சலித்துக்கொண்டான். “கைக்கே வரமாட்டேங்குது மாப்ள.”