கோட்பிரிட்ஜ்காரன் அடித்த பெனால்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒரு சனிக்கிழமை மாலை. சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் நிற்க இடமில்லை. சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். உள்ளூர்த் தமிழர் குழுவும் பிரிட்டிஷ் பட்டாளத்துக் குழுவும் கால்பந்தில் மோதிக்கொண்டிருந்தன.

தமிழர் குழுவின் கோல் காப்பாளர் மருதப்பன், கப்பல் பட்டறையில் வெல்டர். எதிரணியின் டேவி கில்கிறிஸ்ட்டைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஸ்காட்லாந்தில் கோட்பிரிட்ஜ் என்ற இரும்பாலை நகரத்தைச் சேர்ந்தவன். பெரிய கிளப்பில் சேர்ந்திருந்தவனைக் கட்டாய ராணுவச் சேவை சிங்கப்பூருக்கு இழுத்து வந்திருந்தது.

ஆட்டம் முடியும் நேரம். ஆளுக்கு ஒரு கோல். அப்போது பார்த்துத் தமிழர் குழுவில் ஒருவர் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்டி! அடிக்க வந்தவன் கில்கிறிஸ்ட்.

“ஏங்க, விட்டுடாதீங்க!” கூட்டத்துக்குள்ளிருந்து கண்மணி கத்தினாள். புருஷன் ஆடுவதைப் பார்க்க அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தாள்.

மருதப்பன் இடது பக்கம் பாய்ந்தார். பந்தோ நேராக நடுவில் வந்தது! போச்சு என்று அவரே நினைத்தபோது, பின்னால் நீட்டியிருந்த கால்நுனியில் பட்டு, கம்பத்துக்கு மேலே பறந்தது.

திடலே அதிர்ந்தது. விசில் ஊதியதும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

கில்கிறிஸ்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கைகொடுத்தான். மருதப்பனின் முன்கையில் தீப்பொறித் தழும்புகளைக் கண்டதும் கையை விடாமல் நின்றான். உலையில் வேலை செய்யும் தன் அப்பாவுக்கும் இதே தழும்புகள் உண்டு என்றான்.

“உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் ஆடுவாங்களா?” என்று பட்டறையில் பழகிய ஆங்கிலத்தில் மருதப்பன் கேட்டார். இரும்பும் பந்தாட்டக்காரர்களும்தான் அங்கிருந்து வெளியே போவது, ஒரு நாள் தன் பெயரும் உலகத்துக்குத் தெரியும் என்று அவன் சிரித்தான்.

தெரிந்தது. அறுபதுகளில் ஒரு காலை, குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் மருதப்பன் பசியாறிக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தப் பெயர் வந்தது. ஸ்காட்லாந்து தேசியக் குழுவுக்காக முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்!

தோசை ஒட்டிய கையோடு மருதப்பன் தாழ்வாரத்துக்கு ஓடினார். “நம்ம டேவி! நம்ம டேவி கோல் போட்டுட்டான்!”

பக்கத்து வீட்டு ஆமினா பீவி பதறிக்கொண்டு வந்தார். “என்ன மருதண்ணே, யாருக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. இவரு பெனால்டியத் தடுத்தாரே, அந்த வெள்ளக்காரப் பையன் பெரிய ஆளாயிட்டான் லா,” என்றாள் கண்மணி. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிள்ளைகள் பிறந்தபின் ஆட்டத்தை விட்டிருந்த மருதப்பன், அந்த ஞாயிற்றுக்கிழமையே பேட்டைத் திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். மனசு பாய்ந்த வேகத்துக்கு உடம்பு வரவில்லை. கோலுக்கு மேல் கோல் விழுந்தது. முழங்கால் சிராய்த்து, சட்டையெல்லாம் மண்ணாக வீடு திரும்பினார்.

“எத்தன விட்டீங்க?” என்றாள் கண்மணி.

“அதை விடு. ஒண்ணு தடுத்தேன் பாரு, இப்படி!” என்று கூடத்திலேயே பாய்ந்து காட்டப்போய் நாற்காலியைத் தள்ளிவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார்.