காற்றில் போன இலை

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போகும் கப்பலில் சாப்பாட்டு மணி அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து நான் கொண்டுபோன வாழையிலையை மேல்தளத்தில் விரித்து, தண்ணீர் தெளித்து, பரிமாற வருவார்கள் என்று சம்மணம் போட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் இலையை ஏந்திக்கொண்டு நானே அடுப்படிக்குப் போனேன். சோறு விழுந்ததும் கடல்காற்று அதை இலையோடு வாரிக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தில் ஏரல் ஊர்க்கார வியாபாரி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழிந்த கண், தொங்கிய தோள். இடது கை தகரத் தட்டை இறுகப் பிடித்திருந்தது.

"இன்னொரு கரண்டி கேக்கட்டுமா அண்ணாச்சி?"

"தர மாட்டான் வே. டிக்கட்டுல சோத்துக்கும் சேத்துத்தான் வாங்குதான், ஆனா ஆளுக்கு ஒரு கரண்டிதான். இங்கன பந்தியும் கெடையாது, மறுசோறும் கெடையாது. தட்டு கொண்டாந்திருக்கணும்."

பலருக்குச் சொல்லி அலுத்த குரல். பிறகு பாதிச் சோற்றை ஒதுக்கி, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"எச்சின்னு பாத்தீருன்னா கொழும்பு வரைக்கும் பட்டினிதான்."

சாப்பிட்டேன்.

மறுநாள் கொழும்பில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் அவரே என் எதிரில் உட்கார்ந்திருந்தார். தலைவாழை இலை போட்டு, மோர் வரை பரிமாறினார்கள். எழுந்திருக்கும்வரை அவருடைய இடது கை இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.

அந்த அறையில் காற்றே இல்லை.