வளையம் எறிந்த ஞாயிறு

நான் ஒருவனைப் பீர் பாட்டிலால் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். முதல் அடி அவன் கன்னத்து எலும்பில் விழுந்தது. பாட்டில் உடையவில்லை. இரண்டாவது அடிக்கு அவன் கையைத் தூக்கினான். அப்போதுதான் உடைந்தது.

அது நடந்தது பூனாவில், வாகட் பகுதியில், ஹிஞ்சேவாடிக்குப் போகும் சாலையை ஒட்டி அப்போது புதிதாகக் கட்டியிருந்த ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில். புதிய நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் என்னோடு வேலை பார்த்த மூவர் குடியிருந்தார்கள். ஒருவன் சென்னைக்காரன், என் வயது. ஒருவன் மதுரைக்காரன், எங்களைவிட இளையவன். மூன்றாமவர் கோயம்புத்தூர்க்காரர், முப்பதைத் தாண்டியவர். அவரை எல்லோரும் அண்ணா என்றோம். மூவரும் பூனாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அங்கேயே பிறந்தவன். எங்கள் வீடு போபோடியில். அப்பா வேலூர்ப் பக்கமிருந்து கட்கி தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவர் இறந்த பிறகு அம்மாவும் நானும் மட்டும்.

அலுவலகத்தில் எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நால்வர்தான். அதனால் ஞாயிறுகளில் என்னைக் கூப்பிடுவார்கள். போவதற்கு எனக்கு ஆசையாகவே இருந்தது. வீட்டுக்கு வெளியே தமிழில் பேசிச் சிரிக்க எனக்கு அதுவரை யாரும் கிடைத்ததில்லை.

வளைய ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் சென்னைக்காரன். அலுவலகத்தில் மிஞ்சிய நெட்வொர்க் கேபிளை வளைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, கையகலத்தில் மூன்று வளையங்கள் செய்திருந்தான். கூடத்தின் நடுவில் ஒரு ரம் பாட்டில். அது ராஜா. அதைச் சுற்றி ஆளுக்கொரு பீர் பாட்டில். பாட்டிலின் கழுத்தில் வளையம் விழவேண்டும். நான்காவது டைல்ஸ் கோட்டுக்குப் பின்னால் நின்று மூன்று வளையங்களையும் எறியவேண்டும். யாருடைய பாட்டிலில் விழுகிறதோ அவன் இரண்டு மடக்குக் குடிக்கவேண்டும். மூன்றும் தவறினால் எறிந்தவனே அரை கிளாஸ். ராஜாவில் போட்டுவிட்டால் மற்ற மூவருக்கும் ஒரு முழு கிளாஸ். அதோடு ராஜாவில் போட்டவன் புதிதாக ஒரு விதி சொல்லலாம். அடுத்தவன் ராஜாவில் போடும்வரை அந்த விதி செல்லும். விதியை எதிர்த்துப் பேசினால் அதற்கும் இரண்டு மடக்கு. இதையெல்லாம் அவன் மார்க்கரால் பிரிட்ஜ் கதவில் எழுதி வைத்திருந்தான்.

எனக்குக் குறி பார்த்து எறிய நன்றாக வரும். முதல் இரண்டு ஞாயிறுகளிலும் நான்தான் அதிகம் ராஜாவில் போட்டேன். இடது கையால் குடிக்கவேண்டும், சிரிக்காமல் குடிக்கவேண்டும் என்று சாதாரண விதிகளைச் சொன்னேன். சென்னைக்காரன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அதை வைத்து மதுரைக்காரன் அலுவலகத்தில் அவனைக் கேலி செய்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு சென்னைக்காரன் பயிற்சி எடுத்து வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ராஜாவில் போட்டான். என்னைப் பார்த்தபடியே விதியைச் சொன்னான். இனித் தமிழ்தான். ஆங்கிலம் பரவாயில்லை. இந்தியோ மராட்டியோ வந்தால், வார்த்தைக்கு ஒரு மடக்கு.

மற்ற இருவருக்கும் அது ஒரு விதியே இல்லை. அவர்களுக்கு இந்தி ஆட்டோவில் போவதற்கு மட்டும்தான். எனக்கோ வாயைத் திறந்தால் ‘மத்லப்’ வரும். ‘அதாவது’ என்று மற்றவர்கள் சொல்லுமிடத்தில் எனக்கு அதுதான் சின்ன வயதிலிருந்து. போதும் என்பதற்கு ‘பஸ்’, போகலாம் என்பதற்கு ‘சலோ’. நானும் முதலில் சிரித்துக்கொண்டேதான் குடித்தேன். குடிக்கக் குடிக்க இன்னும் அதிகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள். ‘மத்லப்’ என்று ஆரம்பித்தேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் என் கை தடுமாறத் தொடங்கியது. வளையங்கள் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தன. சென்னைக்காரன் மறுபடி ராஜாவில் போட்டான். பீர் குறைந்துகொண்டே வருகிறது, இனிமேல் வார்த்தைக்கு ஒரு அடி என்றான். பிடரியில், திறந்த கையால். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அண்ணா வேண்டாம் என்றார். எதிர்த்துப் பேசியதற்காக அவருக்கு இரண்டு மடக்கு ஊற்றினார்கள். அவர் அதைக் குடித்தார்.

முதல் அடிகள் தட்டுகள்தாம். மதுரைக்காரன் விரல் நுனியால் தட்டினான். சென்னைக்காரன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலம் கூட்டினான். என் கழுத்து சூடேறி, காது வரை எரிந்தது. எழுந்து போயிருக்கலாம். கீழே வாசலில் என் ஸ்கூட்டர் நின்றது. ஆனால் எழுந்து போனால் அடுத்த ஞாயிறு கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது. அதற்காகவே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அம்மா போன் செய்தாள். மதியம் சாப்பிட்டேனா என்று கேட்கத்தான். எழுந்து பால்கனிக் கதவருகே போய்ப் பேசினேன். அவள் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். தொழிற்சாலைச் சங்கு ஊதும் சந்தில் இருந்து பழகிய குரல்.

“ஜேவண் ஆச்சாடா? பாஜி செஞ்சி டப்பால வெச்சிருக்கேன். தூப்ல சுத்தாத, சீதா வீட்டுக்கு வா.”

சாப்பாடு ஆயிற்றா, காய் செய்து வைத்திருக்கிறேன், வெயிலில் சுற்றாதே, நேராக வா. எங்கள் வீட்டில் இது தமிழ். நானும் அதே தமிழில் பதில் சொன்னேன். திரும்பியபோது சென்னைக்காரன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

“பதினேழு. உங்கம்மாவோடதும் சேர்த்து.”

அது ஆட்டத்தில் சேராது என்றேன். விதி விதிதான் என்றான். என்னைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்துப் பின்னால் நின்றுகொண்டான். முதல் அடி விழுந்தது. கூடவே அம்மாவின் குரலை மூக்கால் இழுத்து, “ஜேவண் ஆச்சாடா?” என்றான். மதுரைக்காரன் சிரித்தான். இரண்டாவது அடி. மறுபடி அதே குரல். ஒவ்வோர் அடிக்கும் அவன் அதையே சொன்னான். ஆறாவது அடிவரை நான் எண்ணினேன்.

என் கைக்கு எட்டும் தூரத்தில் என் பாட்டில் இருந்தது. எழுந்து திரும்பிய வேகத்தில் அடித்தேன். கட்டையால் கல்லைத் தட்டுவது போல ஒரு சத்தம். அவன் கண் ஒரு கணம் எங்கேயோ பார்த்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவன் இனி என்னை அடிக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் மறுபடி ஓங்கினேன். முகத்தை மறைக்கத் தூக்கிய அவன் வலது கையில் பாட்டில் உடைந்தது. என் கையில் மிஞ்சிய துண்டால் அவன் கையை இன்னொரு முறை கீறி இழுத்தேன். அந்த மூன்றாவதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தம் டைல்ஸில் பீரோடு கலந்து கோட்டுக்குக் கோடு ஓடியது. மதுரைக்காரன் என்னைக் கீழே தள்ளி மிதித்தான். விலாவில், முகத்தில், இடுப்பில். நான் தடுக்கவில்லை. அண்ணா அவனைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஒரு குளியல் துண்டை எடுத்துச் சென்னைக்காரன் கையை இறுக்கிக் கட்டினார்.

“கைய மேல தூக்கிப் புடிச்சுக்கோ கண்ணு. கீழ எறக்காத.”

அண்ணாவும் சென்னைக்காரனும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மதுரைக்காரன் என்னைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டான். இரண்டு மணி நேரம் அங்கே ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். வந்தது அண்ணாதான். கண்ணாடி டீப்பாயின் மேல் தவறி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவன் சொல்லியிருக்கிறான், வீட்டுக்குப் போ என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டாள். நான்தான் ஒருத்தனை அடித்தேன் என்றேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். மேல் அலமாரியிலிருந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுக்க நான் கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று இரண்டடி பின்னால் போய் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா உயிரோடு இருந்தவரை அவள் அந்த இடத்தில் அப்படித்தான் நின்றாள். அவர் இறந்து ஏழு வருடமாகியும் அவள் கை அதை மறக்கவில்லை. நான் கையை இறக்கினேன். பிறகு டப்பாவை அவளே எடுத்தாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சென்னைக்காரனின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கை முழங்கை வரை கட்டு. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்புகளைத் தைத்திருந்தார்கள். ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எதுக்கு அடிச்சான்னு கேப்பாங்கல்ல. அத நான் என் வாயால சொல்லணும்ல.”

அதன்பின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விரல்கள் மடங்கப் பயிற்சி தேவைப்பட்டது. வாரம் இரண்டு நாள் ஔந்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகவேண்டும். மதுரைக்காரன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அண்ணாவுக்கு வெளிநாட்டு வேலை வந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னைக்காரன் வீட்டு வாசலில் நின்றேன். அவன் பின்னால் ஏறிக்கொண்டான். நான்கு மாதம் அப்படித்தான். போகும்போதும் வரும்போதும் பேச்சு இல்லை. உள்ளே அந்த இரண்டு விரல்களையும் பிடித்து வளைக்கும்போது அவன் கத்துவது வெளியே பெஞ்சில் எனக்குக் கேட்கும். அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மோதிர விரல் பாதி மடங்கியது. சுண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. எட்டு விரல்களால் டைப் அடிக்கப் பழகிக்கொண்டான்.

கடைசி நாள், சிகிச்சை முடிந்து வெளியே வந்தவன் ஸ்கூட்டரில் ஏறவில்லை. அடுத்த மாதம் சென்னைக்கே போவதாகச் சொன்னான்.

“ஒரு தடவ நான் அடிக்கணும்” என்றான்.

சரி என்றேன். தலைக்கவசத்தைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டிவிட்டு நின்றேன். காய்கறி வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இடது கையால் குத்தினான். பழக்கமில்லாத கை. ஆனாலும் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் வந்தது. இன்னொன்றும் அடிப்பான் என்று நின்றேன். அவன் அடிக்கவில்லை. தன் கையை உதறிக்கொண்டான், அவனுக்கும் வலித்திருக்கவேண்டும்.

பிறகு வாகட் போக அவனுக்கு ஆட்டோ எதுவும் கிடைக்காததால், என் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஓட்டினேன். அவன் வீட்டு வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் படியேறினான். நான் அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டு, வாயைக் கழுவத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போனேன்.