கண்டக்டரின் சனிக்கிழமை வகுப்பு

என் மாமியார் இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே வீடு அவருக்குச் சின்னதாகிவிட்டது. தினம் ஆயிரம் முகம் பார்த்த கண்ணுக்கு என்னையும் தன் மகனையும் மாறி மாறிப் பார்ப்பது போதவில்லை. எங்களுக்கும் அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் குழந்தைகள் வகுப்புக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அகதி முகாம், காப்பகம், கட்டட வேலைக் கொட்டகை, பெரிய அடுக்குமாடி என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் வருவார்கள். முதலில் மூன்று நாள் பயிற்சி. அதில் ஒருங்கிணைப்பாளர் சொன்ன முதல் விதி, எந்தப் பிள்ளையிடமும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கக் கூடாது. சில பிள்ளைகளிடம் அதற்குப் பதில் இருக்காது. சிலரிடம் இருக்கும், சொல்ல வாய் வராது.

இதைப் போய் ஒரு கண்டக்டரிடம் சொன்னால்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஒத்திகையில் பிள்ளையாக நடித்தவரிடம் அத்தை மூன்று முறையும் அதையே கேட்டார். சனிக்கிழமை ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள், அதிலும் தவறினால் கீழே புத்தகம் அடுக்கும் வேலை தருகிறோம் என்றார் ஒருங்கிணைப்பாளர். அன்று அத்தை சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான்தான் பிள்ளை. காய் நறுக்கினாலும் சரி, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாலும் சரி, எதிரே வந்து நிற்பார். "எங்கே" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்காமல் இருக்கத்தான் தன்னால் முடியாது, வேறு எதையாவது கேட்கலாமே என்றார்.

சனிக்கிழமை நாற்காலிகளை இரண்டிரண்டாக பஸ் மாதிரி போட்டார். பழைய தோல் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் "எங்கே போகணும்?" என்று கேட்டார். நிலாவுக்கு என்றான் ஒருவன். கடலுக்கு அடியில் என்றாள் ஒருத்தி. இடத்தின் பெயரை எழுதி டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஒரே சிரிப்பு. துணைக்குப் போய்ப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசி வரிசையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. காப்பக வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்திருந்தேன்.

"வீட்டுக்கு," என்றாள்.

ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளரின் பேனா நின்றது. அத்தை தன் வழக்கமான கண்டக்டர் குரலிலேயே சொன்னார்.

"அந்த ஸ்டாப் எனக்குத் தெரியலம்மா. வழி தெரியாதவங்க கண்டக்டர் பக்கத்துலதான் உட்காரணும். வா."

டிக்கெட்டில் ஊர்ப் பெயரை எழுதாமல் கொடுத்து, அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நிலாவுக்குப் போகிறவன் உடனே தனக்கும் வழி தெரியாது என்று எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு அந்தச் சிறுமி டிக்கெட்டோடு திரும்பி வந்தாள். அடுத்த வாரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மணி அத்தைக்குத் தெரியும். தன்னை எடுத்துக்கொண்டார்களா என்று தெரியாமல் சொல்லத்தான் அவருக்கு உரிமை இல்லை. ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்.

ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பத்து மணிக்கும்மா," என்றார். "கண்டக்டர் கொஞ்சம் முன்னாடியே வந்துடுவாங்க."